ஒட்சிசனும் பூனைக்குட்டிகளின் கண்களும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிடம்தான், அதுவும் உங்கட தொழிலைப் பற்றி" என்று செயலாளர் கட்டளை போட்டிருக்கிறார். நான் குறைமாதக் குழந்தைகளைப் பராமரித்து ஓய்வுபெற்ற தாதி. ஆனாலும் எங்கள் விலங்கியல் ஆய்வுகூடத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். தவளையை வெட்டச் சொன்ன அன்று நான் அழுதேன். "அழுகிறதெண்டால் அழு பிள்ளை, ஆனால் பார்த்துக்கொண்டு அழு" என்றார் ரீச்சர். என்னோடு படித்தவர்கள் இப்போது சிரிக்கிறீர்கள்!

1942 இல் பொஸ்டனில் டெரி என்ற கண் வைத்தியர், குறைமாதக் குழந்தைகளின் கண்வில்லைக்குப் பின்னால் வெள்ளைத் திரை படர்ந்து பார்வை போவதை எழுதினார். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் உலகில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்தார்கள். வசதி கூடிய வைத்தியசாலைகளிலேயே இது அதிகம். 1951 இல் மெல்பேர்ணில் கேற் கம்பல் என்ற பெண் வைத்தியர், ஒட்சிசனைத் தாராளமாகக் கொடுக்கும் இடத்தில்தான் நோய் கூட என்று காட்டினார். வொஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ், ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு ஒட்சிசனைக் குறைத்துப் பார்த்தார். குழந்தைகளுக்கு மூச்சு முட்டுமே என்று பயந்து, இரவுத் தாதியர் சிலர் ஒருவருக்கும் தெரியாமல் குமிழைத் திருப்பிக் கூட்டிவிட்டார்களாம். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

உயிர் கொடுக்கும் காற்று கண்ணை எப்படிக் கெடுக்கும்? இதற்கு விடை தந்தவை இலண்டனில் நோர்மன் ஆஷ்டன் வளர்த்த பூனைக்குட்டிகள். மனிதக் குழந்தையின் விழித்திரையில் குருதிக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல மெல்ல வளரும். ஓரத்தை எட்ட ஏறக்குறைய முழு மாதமாகும். பூனைக்குட்டிக்கோ, மாதம் நிறைந்து பிறந்தாலும் அந்த வளர்ச்சி முடிந்திருக்காது. ஆஷ்டன் குட்டிகளை மிகுதியான ஒட்சிசனில் சில நாட்கள் வைத்தார். பின்னர் குருதிக்குழாய்களுக்குள் கறுப்பு மை செலுத்தி விழித்திரையை விரித்துப் பார்த்தார். சாதாரணக் காற்றில் வளர்ந்த குட்டியின் விழித்திரையில் மரக்கிளைபோல் மை பரவியிருந்தது. மற்றதில் வெறுமை. இளங்குழாய்கள் சுருங்கி அடைபட்டுப் போயிருந்தன. வளர்ந்த பூனைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதைவிட முக்கியமானது அடுத்த கட்டம். சாதாரணக் காற்றுக்குத் திரும்பிய குட்டிகளில், பட்டினி கிடந்த விழித்திரை கண்டபடி புதுக் குழாய்களை முளைக்க விட்டது. குழந்தைகளில் இவைதான் கசிந்து, தழும்பாகி, விழித்திரையை இழுத்துப் பிடுங்குகின்றன. ஆகவே ஒட்சிசனை நிறுத்தியதும் ஆபத்து முடிவதில்லை. குழந்தை தேறி வரும் வாரங்களில்தான் அது தலைகாட்டும்.

1954 இல் 18 அமெரிக்க வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒட்சிசனின் பங்கை உறுதிசெய்தது. உடனே எல்லோரும் மறுபக்கம் சாய்ந்தார்கள். 40 வீதத்துக்கு மேல் கொடுக்கவே பயந்தார்கள். குருட்டுத்தன்மை குறைந்தது, மூச்சின்றி இறந்த குழந்தைகள் கூடின. பூனைக்குட்டிகளின் நுரையீரல் நல்ல நுரையீரல் அல்லவா? அதை அவை சொல்லியிருக்க முடியாது.

இனி என் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் வார்டில் குருதியின் ஒட்சிசனை அளக்க ஒரு கருவியும் இல்லை. நீலம் பாரித்தால் கூட்டுவோம். சிவந்தபின் குறைக்க மறந்துவிடுவோம். ஓரிரவு, இரண்டரை இறாத்தல் பெண்பிள்ளை ஒன்றுக்குக் குமிழை முழுக்கத் திருப்பியவள் நான்தான். விடியும்வரை அப்படியே விட்டேன். பிள்ளை பிழைத்தாள். தாய் என் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுக் கொண்டுபோனார். அந்தக் கண்களை எவரும் சோதிக்கவில்லை. பல வருடங்களின் பின் ஒரு பயிற்சி வகுப்பில் ஆஷ்டனின் படங்களைத் திரையில் காட்டினார்கள். ரீச்சர் சொன்னபடி, பார்த்துக்கொண்டே அழுதேன்.

என் பேரன் ரொறன்ரோவில் 28 வாரத்தில் பிறந்தான். காலில் ஒட்டிய சிறு விளக்கு குருதியின் ஒட்சிசனை இராப்பகலாய் அளந்தது. 95க்கு மேலே போனாலும் மணி அடிக்கும், 90க்குக் கீழே போனாலும் அடிக்கும். நாலாம் வாரத்திலிருந்து கண் வைத்தியர் வந்து பார்த்தார். குழாய்கள் தாறுமாறாய் வளர்ந்தால் லேசர், இல்லாவிட்டால் கண்ணுக்குள் ஊசிமருந்து என்று மகளிடம் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அவள் எனக்கு ஒரே சொல்லைத்தான் சொல்வாள்: "இன்னும் இல்லை, அம்மா."

வீட்டுக்குப் போய் மூன்றாவது கிழமை, இங்கே நடுச்சாமம், தொலைபேசி அடித்தது.

"அம்மா, ஓரம்வரைக்கும் வந்திட்டுதாம்."