தூக்க வேண்டாம், சாய்த்தால் போதும்



நம்ம கூட்டமைப்பில் இட்லி மாவு அரைத்து விற்கிற குழுக்கள் இருக்கின்றன. மாவு வியாபாரம் நமக்குத் தெரியும். அதில் வருகிற இடுப்பு வலியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவியை நம்ம கைதான் சுற்றணும். கிரைண்டர் வந்தது, சுற்றுகிற வேலை மோட்டாருக்குப் போச்சு. ஆனா மாவை எடுக்கிற வேலை நம்மகிட்டேயே நின்னுபோச்சு. குனிந்து, கல்லைத் தூக்கி, மாவை வழிக்கணும். குனிந்தபடி நேரா மேலே தூக்கும்போது பாரம் இடுப்பில்தான் இறங்கும்.

டில்டிங் கிரைண்டரில் டிரம்மின் பாரத்தை அச்சு தாங்குது. கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினா டிரம் சாயும், மாவு பாத்திரத்தில் விழும். தூக்குகிற வேலை திருப்புகிற வேலையா மாறிடுது. கைப்பிடி நீளமா இருந்தா இன்னும் லேசு.

குழுக் கடனில் வாங்கப் போறவங்க, கடையிலேயே தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்க. குள்ளமானவங்க, உயரமானவங்க இரண்டு பேரையும் கூட்டிப் போங்க. யாரும் குனியாமல், தோளைத் தூக்காமல் கைப்பிடியைப் பிடிக்க முடியணும். நிமிர்த்தினதும் டிரம் லாக் ஆகுதான்னும் பாருங்க. வீட்டில் சுவிட்சை அணைத்த பிறகுதான் சாய்க்கணும். பாத்திரம் நிரம்பினா இரண்டு பேராத் தூக்குங்க.

விலை கொஞ்சம் கூடத்தான். தவணையைக் கட்டி முடிச்சிடலாம். போன இடுப்பைக் கடன் வாங்கி மீட்க முடியாது.