வீட்டு நாய் காணாமல் போனால்

2024-ஆம் ஆண்டு கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டம், யமகர்ணி கிராமத்திலிருந்து பண்டரிபுரத்துக்குப் பாதயாத்திரை போன ஒருவரோடு மகாராஜ் என்ற நாயும் போனது. அங்கே கூட்டத்தில் தொலைந்துவிட்டது. தேடிக் கிடைக்காமல் அவர் ஊர் திரும்பினார். சுமார் 250 கிலோமீட்டர் தனியாகக் கடந்து, நாயும் வீடு வந்து சேர்ந்தது. ஊர் மக்கள் மாலை போட்டு விருந்தே வைத்தார்கள்.

எல்லா நாய்க்கும் இப்படி வாய்க்காது. நம் அனந்தபுரத்தில் உங்கள் நாயைக் காணோம் என்றால், தானாக வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிய நாய் பக்கத்திலேயே புதரிலோ வைக்கோல்போர் மறைவிலோ பதுங்கியிருக்கலாம். பயத்தில், கூப்பிட்டாலும் வராது. ஊர் அடங்கிய பிறகும் விடியற்காலையிலும் தேடிப் போங்கள். கண்ணில் பட்டால் துரத்த வேண்டாம். தரையில் உட்கார்ந்து, மெதுவாகப் பெயர் சொல்லுங்கள்.

நம் பக்கத்துக் கழனிகளில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் உண்டு. ஒவ்வொன்றையும் கட்டாயம் பாருங்கள். உள்ளே கிடந்தால் நீங்கள் இறங்காதீர்கள். 101-க்குச் சொன்னால் தீயணைப்பு வீரர்கள் வருவார்கள். பால்காரர், ஆடு மேய்ப்பவர், பேரூராட்சித் தூய்மைப் பணியாளர், கால்நடை மருத்துவர் எல்லோரிடமும் நாயின் படத்தைக் காட்டுங்கள்.

திரும்பி வந்த நாயின் உடம்பில் கடிகாயம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஏற்கெனவே ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தாலும் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அப்புறம், நாய் வீட்டில் இருக்கும்போதே, இன்றைக்கே, அதன் கழுத்துப் பட்டையில் உங்கள் செல்போன் எண்ணை எழுதிவிடுங்கள்.