எண்பது அடிக் கிணறும் ஓர் எண்ணெய்க் கப்பலும்

கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி, கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்குப் போயிருக்கிறீர்களா? கோமுகி அணை கீழே சிறுத்துக்கொண்டே போகும். வளைவுகள் சிலவற்றைத் தாண்டியதும் காது அடைத்துக்கொள்ளும். பக்கத்து இருக்கை ஆயா, "எச்சிலை முழுங்கு கண்ணு, விட்டுடும்" என்பார். அந்தப் பாடம் எனக்கு இலங்கையில், மட்டக்களப்புப் பக்கத்துக் கடலுக்கு அடியில் கைகொடுத்தது. கல்வராயனில் காது அடைக்க ஆயிரம் அடியாவது ஏற வேண்டும். கடலில் ஆறேழு அடி இறங்கினாலே போதும்.

கொழும்பிலிருந்து 'உதயதேவி' ரயில் பிடித்து, கல்குடாவில் இறங்கினேன். பக்கத்திலேயே பாசிக்குடா. இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்துகொண்டே போகலாம். அவ்வளவு சாதுவான கடல். சித்திரையிலிருந்து ஆவணி வரைதான் இங்கே முக்குளிக்கும் காலம். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் கடல் கலங்கிவிடும்.

இந்தச் சாதுக் கடலில்தான் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. விமானந்தாங்கி என்றே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதல் கப்பலான 'ஹெர்மீஸ்', திருகோணமலையிலிருந்து முந்தின இரவே கிளம்பி, மட்டக்களப்புக்கு நேரே சிக்கிக்கொண்டது. விமானந்தாங்கிதான், ஆனால் அன்று பறக்கத் தயாராக ஒரு விமானம்கூட அதில் இல்லை. அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. 307 பேர் மாண்டார்கள். அந்த வழியாக வந்த 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல், ஏறக்குறைய 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது.

புகழெல்லாம் ஹெர்மீஸுக்குத்தான். ஆனால் அது கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்காக இறங்குகிறவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லை. அதற்குக் கீழே சாதாரணக் காற்றை சுவாசித்தால், நைட்ரஜன் கள் குடித்ததுபோல் தலைக்கேறும். ஹீலியம் கலந்த காற்றும் தனிப் பயிற்சியும் வேண்டும். நமக்கு எதற்கு வம்பு? அதே நாளில் மூழ்கிய 'பிரிட்டிஷ் சார்ஜென்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் 24 மீட்டரில் கிடக்கிறது. நம் பக்கத்து எண்பது அடிக் கிணற்றின் ஆழம், அவ்வளவுதான். சரித்திரப் புத்தகங்களில் அதிகம் பேசப்படாத கப்பல். எனக்கு என்னவோ அதுதான் பிடித்திருந்தது.

படகிலிருந்து முதுகுப்புறமாகச் சாய்ந்து விழுந்தோம். எச்சிலை முழுங்கி, மூக்கைப் பிடித்து மெல்ல ஊத, காது விட்டது. நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்க இறங்க வெறும் நீலம். தண்ணீர் இளஞ்சூடு. திடீரென்று கீழே ஒரு கறுப்பு நிழல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரும்பாகிறது.

கப்பல் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. தகடு முழுக்கக் கொட்டலசும் பவளமும். குண்டு பிளந்த இடத்தில், பாறைக் கல் என்று நான் நினைத்தது வாயைத் திறந்தது. களவா மீன்! நகரவே இல்லை, வீட்டுக்காரர் வாசலில் நின்று வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தது. தலைக்கு மேலே பாரைக் கூட்டம் வெள்ளித் தட்டுகளாகத் திரும்பியது. உள்ளே நுழையவில்லை. எண்பது வருஷம் துருப்பிடித்த கூரையை நம்ப எனக்குத் துணிவில்லை.

நேரம் குறைவு. அந்த ஆழத்தில் காற்று மேலே இருப்பதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் அழுந்துகிறது. உருளையில் உள்ளது சீக்கிரம் தீரும். அரை மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். அதுவும் அவசரமாக அல்ல. வேகமாக ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தத்தில் குமிழி கிளம்பும்.

மணிக்கட்டைப் பார்த்தேன். கோயிலில் கட்டிவிட்ட சிவப்புக் கயிறு கருகியதுபோல் தெரிந்தது. ஆழத்தில் முதலில் காணாமல் போகும் நிறம் சிவப்பு. ஐந்து மீட்டர் ஆழத்துக்கு ஏறி, மூன்று நிமிஷம் நங்கூரக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். கீழே கப்பல் மறுபடி நிழலாகிவிட்டது. மணிக்கட்டில் கோயில் கயிறு மறுபடி கொஞ்சம் சிவந்திருந்தது.