மின்சாரத்தை நிறுத்தினாலும் ஆபத்து நிற்பதில்லை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



'மலிவான இயந்திரம் வாங்குவது லாபமா, நட்டமா?' என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் துணி துவைக்கும் இயந்திரத்தையும் தண்ணீர் பம்பையும் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். நான் பட்டறைக்காரன். உங்களில் பலர் பக்கத்தில் நின்று பார்த்திராத ஒரு கருவியைப் பற்றிப் பேசப் போகிறேன். சுடும் பயிற்சி மன்றங்களில், சுடுபவருக்காக வானத்தில் தட்டு எறியும் தானியங்கிக் கருவி அது.

நமது மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆகவே இது வீட்டுக்கு வாங்கும் பொருள் அல்ல. மன்றங்கள் வாங்கும் பொருள். ஆனாலும் இந்த விளையாட்டு நமக்குப் புதியதன்று. 1998இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தபோது சுடும் போட்டிகள் லங்காவித் தீவில் நடைபெற்றன. பறக்கும் தட்டைச் சுடுவதும் அவற்றில் ஒன்று.

ஒரு காலத்தில் இந்த விளையாட்டில் உயிருள்ள புறாக்களைத்தான் பறக்கவிட்டுச் சுட்டார்கள். பிறகு கண்ணாடி உருண்டைகள் வந்தன. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் 1880இல் களிமண் தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 'களிமண் புறா' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. இன்றைய தட்டில் பெரும்பாலும் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளையும் கீல் போன்ற பிசினையும் கலந்து அச்சில் வார்க்கிறார்கள். அனைத்துலகப் போட்டித் தட்டின் குறுக்களவு 110 மில்லிமீட்டர், எடை சுமார் 105 கிராம்.

இதை எறியும் பெரிய கருவிகள் ஆயிரக்கணக்கான டாலர் விலை. அமெரிக்காவில் தோட்டத்து வீட்டுக்காரர்களுக்காகச் சில நூறு டாலரில் சிறிய கருவிகள் விற்கிறார்கள். நான் பழுது பார்த்துக் கொடுக்கும் ஒரு சிறிய மன்றத்திலும் அப்படிப்பட்ட ஒன்றை வாங்கினார்கள். வாங்கியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். எதைக் கேட்டு வாங்க வேண்டுமோ, அதைக் கேட்காமல் வாங்கியதுதான் தவறு.

முதலில் கருவி வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் மோட்டார், வலுவான ஸ்பிரிங்கை இழுத்து, எறியும் கையைப் பின்னுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்தக் கை திரும்பி ஓடாமல் ஒருவழி பேரிங் ஒன்று பிடித்துக்கொள்கிறது. மேலேயுள்ள அடுக்கிலிருந்து ஒரு தட்டு இறங்கிக் கையின் முன்னால் உட்காருகிறது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் கையை இன்னும் சிறிது நகர்த்துகிறது. எல்லை தாண்டியதும் ஸ்பிரிங் அதை வீசிவிடுகிறது. உடனே மோட்டார் மறுபடியும் கையை இழுத்து வைக்கிறது. சரியான இடத்தில் மோட்டாரை நிறுத்துவது ஒரு சிறிய சுவிட்ச்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கை இழுபட்டு நிற்கும்போது சக்தி பேட்டரியில் இல்லை, ஸ்பிரிங்கில் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் அந்தச் சக்தி அங்கேயே காத்திருக்கும். நாண் ஏற்றிய வில்லுக்கு மின்சாரம் எதற்கு?

அந்த மன்றத்தில் நடந்ததும் இதுதான். வாங்கிய மூன்றாவது வாரம் கருவி பாதியில் நின்றுவிட்டது. உள்ளே உடைந்த தட்டுத் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. என்னுடன் வேலை செய்த தம்பி விவரம் தெரிந்தவர்தான். பேட்டரியைக் கழற்றினார். 'மின்சாரம் போய்விட்டது, இனிப் பயமில்லை' என்று நினைத்துக் கையை உள்ளே விட்டுத் துண்டை எடுத்தார். எல்லையருகே நின்றிருந்த இரும்புக் கை விடுபட்டு வீசியது. மணிக்கட்டு எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. மூன்று மாதம் அவரால் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. பிறகு நான் கருவியைச் சோதித்தேன். கோளாறு என்ன தெரியுமா? பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பு. சுரண்டிச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் ஆனது.

ஆகவே வாங்குவோர் மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஒன்று, கையை விடுவித்து, மறுபடி இழுபடாமல் நிறுத்தும் வசதி உண்டா? இரண்டு, கை சுழலும் வட்டத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் உண்டா? மூன்று, ஸ்பிரிங், ஒருவழி பேரிங், சுவிட்ச் ஆகிய மூன்றும் உதிரியாகக் கிடைக்குமா? எத்தனை மீட்டர் எறியும், எத்தனை தட்டு கொள்ளும் என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத கருவி எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது மலிவு இல்லை.

கோளாறு வந்தால் தேடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. எடுத்தவுடன் மோட்டாரைக் கழற்றாதீர்கள். முதலில் பேட்டரி. நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மின்னேற்றம் வேண்டும். காரை முடுக்கும் பேட்டரியைவிட, ஆழமாக இறங்கி ஏறுவதற்கென்றே செய்த 'டீப் சைக்கிள்' பேட்டரி இதற்குப் பொருத்தம். இரண்டாவது, முனைகள், ஃபியூஸ், பொத்தானுக்குச் செல்லும் கம்பி. மிதிபட்டு அறுந்த கம்பியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது, நிறுத்தும் சுவிட்ச். கருவி நிற்காமல் தட்டுகளை வீசிக்கொண்டே இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். கை பின்னுக்கு வந்து நிற்காமல் வழுக்கினால் ஒருவழி பேரிங் தேய்ந்திருக்கலாம்.

தட்டுகள் எறியும்போதே உடைகின்றனவா? ஸ்பிரிங் தேவைக்கு மேல் இறுக்கப்பட்டிருக்கலாம். கையின் ரப்பர் பட்டை தேய்ந்திருக்கலாம். தட்டின் அளவு பொருந்தாமலும் இருக்கலாம். 108 மில்லிமீட்டர் தட்டுக்குச் சரி செய்த கருவியில் 110 மில்லிமீட்டர் தட்டைப் போட்டால் தகராறுதான். நம் ஊர் வெயிலில் பெட்டியைத் திறந்து வைத்தால் பிசின் இளகித் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நிழலில் வையுங்கள். கருவியைத் தரையில் முளையடித்து நிறுத்துங்கள். அதிர்வில் போல்ட்டுகள் தளரும். பயிற்சி நாள்தோறும் முடுக்கிப் பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே விதி. சுடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். முன்பக்கமாகப் போகாமல் பின்பக்கமாக அணுகுங்கள். வட்டத்துக்கு வெளியே நின்று, கையேட்டில் சொன்னபடி எறியும் கையை விடுவியுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். கை தளர்ந்து நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே தொடுங்கள்.

தலைப்புக்கு வருகிறேன். மலிவான இயந்திரம் லாபமா, நட்டமா? பணத்தில் மிச்சப்படுத்தியதைக் கவனத்தில் செலவழிக்கத் தயாராக இருந்தால் லாபம். இல்லையென்றால், யாரோ ஒருவரின் கை அதற்கு விலை கொடுக்கும். அந்தத் தம்பி இப்போது மீண்டும் வேலைக்கு வருகிறார். கருவியின் மூடியில் அவரே தம் கையெழுத்தில் ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கிறார்: 'முதலில் கையை விடுவி.' வாங்கும்போதே அந்த எழுத்து அங்கே இருந்திருக்க வேண்டும்.