படிச்சுக் காட்ட ஆள் தேட வேண்டாம்



எங்க குழுவில் கண் பார்வை இல்லாத ஒரு அக்கா இருக்காங்க. அவங்க போனில் டாக்பேக் என்று ஒரு வசதி இருக்கு. ஆண்ட்ராய்டு போன்களில் இது இருக்கும், தனியாகக் காசு கிடையாது. செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற இடத்தில் ஆன் பண்ணினால், விரல் வைக்கிற இடத்தில் உள்ள எழுத்தைப் போன் வாசித்துச் சொல்லும்.

ஆனால் கடன் விவரத்தைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால், போனுக்கு அது வெறும் படம். உள்ளே இருக்கிற தமிழை ஒழுங்காகச் சொல்லாது. அப்புறம் யாரையாவது கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்லணும். தவணை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பது தெருவுக்கே தெரிஞ்சு போகும். நம்ம பாஸ்புக்கை நாலு பேர் முன்னால சத்தமா படிச்சா நமக்கு எப்படி இருக்கும்?

நம்ம பொருட்களை விற்க இணையப் பக்கம் தொடங்கலாம் என்றும் பேசிட்டு இருக்கோம். அதற்கும் சேர்த்துச் சொல்றேன்.

அறிவிப்பை டைப் பண்ணிப் போடணும். போட்டோ போட்டால், அதில் என்ன இருக்கு என்று கூடவே இரண்டு வரி எழுதணும்.

எழுத்து யுனிகோடில் இருக்கணும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். போன் அதை ஆங்கில எழுத்தாக உளறும்.

"சிவப்பில் உள்ள தேதியைப் பார்க்கவும்" என்றால் நிறம் பிரித்துத் தெரியாதவங்களுக்குப் புரியாது. "கடைசி நாள்" என்றே எழுதணும்.

"இங்கே அழுத்தவும்" என்று பத்து இடத்தில் இருந்தால், காதால் கேட்கிறவங்களுக்கு எல்லாம் ஒன்றுதான். "கடன் விண்ணப்பம்", "மசாலா விலைப்பட்டியல்" என்று எழுதினால் தெரியும்.

வாக்கியம் சின்னதா இருக்கணும். அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கும், மூணாவதோடு படிப்பை நிறுத்தின நம்ம அம்மாக்களுக்கும் அதுதான் சுலபம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லுது. அச்சிலும் மின்னணு ஊடகத்திலும் வரும் தகவல் அவங்களுக்கு எட்டும் வடிவில் இருப்பதை அரசு உறுதி செய்யணும் என்றும் அதில் இருக்கு. அரசுக்குச் சொன்னதை நாமளும் செய்யலாமே. இதற்குச் செலவு ஒன்றுமில்லை, டைப் பண்ண ஐந்து நிமிஷம் போதும்.

அதனால் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதக் கேட்டுக்கொள்கிறேன்: இனி கூட்டமைப்பின் எந்த அறிவிப்பும் வெறும் போட்டோவாகப் போகக் கூடாது.