ராஜினாமாக் கடிதத்திற்கு முன்
(பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெரிய நிறுவனங்களில் மாதந் தவறாமல் சம்பளம் பெறும் நம் பிள்ளைகள் சிலர், அதை விட்டுச் சொந்தத் தொழிலில் இறங்க நாடுகின்றனர். "ஹஜ்ரத், ராஜினாமாக் கொடுத்துவிட்டேன், துஆச் செய்யுங்கள்" என்று நம் கையைப் பற்றுகின்றனர். துஆச் செய்வது நம் கடமை. ஆனால், துஆவோடு மட்டும் நின்றதால் நம்மிடம் நேர்ந்த ஒரு தவற்றை முதலில் உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு வந்த ஓர் இளைஞரின் துணிவைப் பாராட்டி, தவக்குல் வைக்குமாறு கூறி அனுப்பி வைத்தோம். எவருடைய பணம் என்று கேட்கவில்லை. கூட்டாளியுடன் எழுத்தில் உடன்படிக்கை உண்டா என்றும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் தொழில் நொடித்தது. அதற்கு முதலாக அமைந்தது மனைவியின் நகைகளை வட்டிக்கு அடகு வைத்துப் பெற்ற தொகை என்பது, அந்நகைகள் ஏலத்திற்குப் போனபோதுதான் நமக்குத் தெரிந்தது. கூட்டாளிகள் இருவரும் நம் கமிட்டியின் முன் வந்து வாதிட்டபோது, சான்றாகக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் அவர்களிடம் இல்லை. அந்தப் பெண்மணியின் தந்தை நம்மிடம், "நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

அன்பர்களே! துணிந்து வணிகம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. கி.பி. 622ஆம் ஆண்டு ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அதற்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். நெய்யும் உலர்ந்த பாலாடைக் கட்டியும் விற்று இலாபம் ஈட்டினார்கள். சில நாட்களில் திருமணம் செய்து, பேரீச்சங்கொட்டை எடைப் பொன்னை மஹராகக் கொடுத்தார்கள். கவனியுங்கள்! அவர்கள் புதிய வணிகம் மனைவிக்குப் பொன்னைக் கொடுத்தது. மனைவியின் பொன்னை எடுத்துத் தொடங்கப்படவில்லை.

பாதுகாப்பான பதவியைத் துறந்தோரில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை அறியாதார் யார்? 1091ஆம் ஆண்டு பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவின் ஆசிரியப் பீடம் அவர்களுக்குக் கிடைத்தது. அக்காலத்தில் அதனினும் மேலான ஆசிரியப் பதவி அரிது. நான்கே ஆண்டுகளில், 1095இல், அதை விட்டு வெளியேறினார்கள். புகழுக்காகவே கற்பிக்கின்றோமோ என்ற அச்சம் அவர்களை வாட்டியது. ஏறத்தாழ ஆறு மாதங்கள் தயங்கினார்கள். நாவும் எழாமல், உணவும் இறங்காமல் தவித்தார்கள். இதைத் தம் வரலாற்று நூலில் அவர்களே கூறுகிறார்கள். இறுதியில் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தபோதும், பிள்ளைகளின் வாழ்வாதாரத்திற்குத் தேவையானதை ஒதுக்கி வைத்த பின்னரே புறப்பட்டார்கள். துறவு நோக்கிச் சென்றவரே வீட்டாரின் உணவை உறுதி செய்தார் எனில், இலாபம் நோக்கிச் செல்லும் நாம் அதை மறக்கலாமா?

ஆகவே, கடந்த ரமளானுக்குப் பின் மற்றோர் இளைஞர் வந்தபோது, துஆவிற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டோம்.

முதலாவது: முதல் எவருடையது? மஹரும் மனைவியின் நகையும் அவருடைய தனிச் சொத்து. அவர் மனமுவந்து தந்தாலன்றி அதில் கணவருக்கு உரிமையில்லை. தலைகுனிந்து மௌனமாக நிற்பதை மனமுவந்த சம்மதம் என்று கொள்ளாதீர்கள்.

இரண்டாவது: வருமானமே இல்லாவிடினும் எத்தனை மாதங்கள் வீட்டில் அடுப்பெரியும்? பெற்றோருக்கு மருந்து எங்கிருந்து வரும்? நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும்.

மூன்றாவது: கூட்டு ஒப்பந்தம் எழுதப்பட்டதா? கடனை எழுதி வைக்குமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே குர்ஆனில் மிக நீளமானது. முளாரபா முறையில் ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் தருகின்றனர். இலாபம் பேசிய விகிதப்படி பிரியும். உழைப்பவரின் கவனக்குறைவின்றி நேரும் நட்டம் முதலிட்டவரைச் சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழக்கிறார். மாதந்தோறும் இவ்வளவு தொகை என்று முதலுக்கு உறுதி கூறினால் அது வட்டியின் வாசலாகும்.

நான்காவது: விடும் வேலையில் உமக்குரிய ஹக்கைப் பெற்றுவிட்டீரா? அவர் அங்கே சேர்ந்து நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகியிருந்தன. நிரந்தரப் பணியாளருக்கு ஐந்தாண்டு நிறைவுற்றால் பணிக்கொடை உண்டு. ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். ஐந்தாண்டுக்கு முன் வருங்கால வைப்பு நிதியை எடுத்தால் வருமான வரியும் சேரும். நம் பொருளாளர் இதை எடுத்துரைத்தபோது அந்த இளைஞர் வியந்தார். எழுதி வைத்திருந்த கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் பொறுத்திருந்து, வீட்டாருடன் மஷூரா செய்து, இஸ்திகாராத் தொழுது, ஐந்தாண்டு நிறைவுற்ற பின் விலகினார். இன்று சிறு தொழில் நடத்துகிறார். இலாபம் இன்னும் கைக்கு வரவில்லை. வெல்வாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் அவர் தாயாரின் மருந்து நிற்கவில்லை. மனைவியின் கழுத்து வெறுமையாகவில்லை. ஒருவேளை தொழில் நின்றாலும் வீடு நிற்கும்.

பெரியோர்களே! உங்களிடமும் ஒரு வேண்டுகோள். முயன்று தோற்ற பிள்ளையைத் திருமண வீடுகளில் ஏளனம் செய்யாதீர்கள். வசதி படைத்தோர் தம் உபரிப் பணத்தில் ஒரு பகுதியை இத்தகையோரிடம் முளாரபாவாகக் கொடுங்கள். ஹலாலான முதல் மஹல்லாவிற்குள்ளேயே கிடைத்தால், நம் பிள்ளை நகையைச் சுமந்து அடகுக் கடை வாசலில் நிற்கமாட்டான்.

இளைஞர்களே! தொழில் தொடங்குங்கள், துஆவிற்கும் வாருங்கள். கடிதத்தைக் கொடுத்த பின்னர் அல்ல, கொடுப்பதற்கு முன்னரே வாருங்கள். முடிந்தால் வீட்டாரையும் அழைத்து வாருங்கள். இம்முறை நாம் கேட்க வேண்டியதைக் கேட்போம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.