முதியோரும் ஆங்கிலப் பயிற்சியும்
(நம் சங்கத்தின் இரவு வகுப்புத் தொடக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தொழில் புரிவோரும் இல்லறம் நடத்துவோரும் ஆங்கிலம் பயிலும்பொருட்டு நம் சங்கத்தார் இன்று தொடங்கும் இவ்வகுப்பைக் குறித்துச் சில சொல்லுமாறு எம்மைப் பணித்தனர். தமிழாசிரியன் ஆங்கிலத்திற்குப் பரிந்து பேசுவதா எனச் சிலர் வியக்கலாம். தமிழ் நம் தாய்மொழி. அதன் பெருமைக்கு ஒரு குறைவுமில்லை. ஆயினும், நாம் கையெழுத்திடும் தாளில் உள்ளது இன்னதென அறிந்துகொள்வதால் தாய்க்கு இழுக்கு நேராது.

இதனை யாம் பட்டறிந்தே கூறுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் கடன் பெறச் சென்றபொழுது எம்மையும் உடன் அழைத்தார். நீட்டிய தாள்கள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. எம் பெயருக்கருகே 'கியாரண்டர்' என்றொரு சொல் இருந்தது. அதன் பொருளை அங்கிருந்தோரிடம் தமிழிலேயே வினவியிருக்கலாம். பிறர்க்குச் சொற்பொருள் உரைக்கும் ஆசிரியன் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பதா என்னும் செருக்கு எம் வாயை அடைத்தது. சாட்சிக் கையெழுத்தென எண்ணி இட்டுவிட்டோம். அச்சொல்லோ ஜாமீன்தாரரைக் குறிப்பது! நண்பர் தவணை தவறினார். அறிவிப்பு எம் வீட்டிற்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டாலன்றி, ஜாமீன் நின்றவனது பொறுப்பும் கடன்பட்டவனது பொறுப்பும் ஒரே அளவினவென்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவில் விதிக்கின்றது. எம் மனையாளின் வளையல்கள் விலையாயின. ஒரு சொல்லை அறியாமைக்கும், அதனைக் கேளாமைக்கும் யாம் கொடுத்த விலை அது.

'இவ்வயதில் வேற்றுமொழி வருமா?' என்பீர்கள். இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவர் 1710இல் இந்தியா வந்தபொழுது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது. அதன் பின்னரே தமிழ் பயின்று, தேம்பாவணி பாடி, சதுரகராதியும் தொகுத்தார். நமக்கோ காவியம் பாட வேண்டுவதில்லை. மருந்துப் புட்டியின் மேலுள்ளதையும், வேலைத்தலத்து எச்சரிக்கைப் பலகையையும், கடன் தாளையும் படித்தால் போதும். 1930இல் ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 850 சொற்களைத் தெரிந்தெடுத்து, அன்றாடக் கருத்துக்களை அவற்றாலேயே உணர்த்தலாமெனக் காட்டினார். ஆதலின் பேரகராதியைக் கண்டு மலைக்க வேண்டா. அவரவர் தொழிலில் நாள்தோறும் கண்ணிற்படும் சொற்களையே முதற்கண் கற்பீராக.

தமிழர்க்கு இடர் தருவன இரண்டு. முதலாவது ஒலி. தமிழில் ஒரே ககரம் இடத்திற்கேற்ப வல்லிதாகவும் மெலிந்தும் ஒலிக்கும். ஆங்கிலத்திலோ அவ்வேறுபாட்டால் பொருளே மாறும். மேலங்கியையும் வெள்ளாட்டையும் குறிக்கும் இரு சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'கோட்' என்றே நிற்கும். ஆகவே தமிழெழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாது, செவியாற் கேட்டு வாயாற் சொல்லிப் பழகுக. இரண்டாவது சொற்கிடக்கை. நமக்கு வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். அவர்க்கு எழுவாயை அடுத்து வரும். 'மதுரைக்கு' என்னுமிடத்து உருபு பெயர்க்குப் பின். 'டு மதுரை' என்னுமிடத்து முன். இவ்வேற்றுமையை உணர்ந்தோர்க்குப் பாதி வழி கடந்தது போலாம்.

இவ்வகுப்பில் யாவரும் முதலிற் கற்க வேண்டிய வாக்கியம் ஒன்றுண்டு: 'வாட் டஸ் திஸ் வேர்ட் மீன்?' இச்சொல்லின் பொருள் யாது என்பதே அது. ஆங்கிலத்தில் வாராவிடின் தமிழிலேயே கேளுங்கள், கேளாதிருத்தல் ஆகாது.

இளைஞர்களே! உங்கள் தந்தையர் தவறாக ஒலிக்கும்பொழுது நகையாதீர்கள். நீங்கள் மழலை பேசிய காலத்து அவர்கள் மகிழ்ந்தனரேயன்றி இகழ்ந்தனரல்லர். தாய்மார்களே! வீட்டிற்கு வரும் தாள்களுட் பல உங்கள் கைக்கே வருகின்றன. நீங்களும் தவறாது வருக. யாமும் முன்வரிசையில் மாணாக்கராய் அமர்வோம். பிழைபடப் பேசுவோம், ஆயினும் பொருளறியாது இனி ஒருகாலும் கையெழுத்திடோம்.